எதிர்க்கடை சொல்லாமல் விட்டது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

காஞ்சிப் பட்டை இணையத்தில் விற்க இறங்கும் சிறு நெசவாளர்கள் பலர், பெரிய கடை போட்ட ரீல்ஸையே தாங்களும் எடுத்துப் போடுகிறார்கள். அதே பாட்டு, அதே விரிப்பு. வாங்குபவருக்கு அதில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. போட்டியாளரை ஆராய வேண்டும், ஆனால் நகலெடுப்பதற்காக அல்ல.

வாடிக்கையாளர்கள் போனில் கேட்கும் பத்துக் கேள்விகளை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உலாவியின் மறைநிலைச் சன்னலைத் (இன்காக்னிட்டோ) திறந்து, கூகுளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றாகத் தேடி, முதல் ஐந்து முடிவுகளைக் குறியுங்கள். திரும்பத் திரும்ப வருபவரே இணையத்தில் உங்கள் போட்டியாளர். அவர் பக்கத்துக் கடைக்காரராக இருக்க வேண்டியதில்லை, பட்டு விற்காத ஒரு பத்திரிகைத் தளமாகக்கூட இருக்கலாம். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படித்து, எதைச் சொல்லியிருக்கிறார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று இரண்டு பத்தி கொண்ட அட்டவணையாக எழுதுங்கள். இரண்டாவது பத்திதான் உங்களுக்கு வேலை தரும்.

உதாரணமாக, சேலையில் தொங்கும் சில்க் மார்க் முத்திரை, பட்டு அசல் என்பதற்கு மட்டுமே சான்று. ஜரிகையின் தரத்துக்கோ, காஞ்சியில் நெய்தது என்பதற்கோ அது உத்தரவாதம் இல்லை. கையால் நெய்ததைச் சொல்வது கைத்தறி முத்திரை. ஊரைச் சொல்வது 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும் ஒரு நிமிட வீடியோ உங்கள் போட்டியாளரிடம் இல்லையென்றால், முதலில் அதை எடுங்கள். அடுத்து, சேலையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையைக் கிட்டத்தில் காட்டுங்கள். தறி வைத்திருப்பவருக்கு இது எளிது; வாங்கி விற்பவருக்கு அவ்வளவு எளிதல்ல.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகம் (Ad Library) இலவசம். எந்தக் கடையின் பெயரைத் தேடினாலும், இப்போது ஓடும் விளம்பரங்களும் தொடங்கிய தேதியும் தெரியும். இரண்டு மூன்று மாதமாக ஓடுவது பெரும்பாலும் பலன் தருவதாகத்தான் இருக்கும். யூடியூபில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோவை அந்தச் சேனலின் வழக்கமான எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. கூகுள் மேப்பில் மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் வந்த விமர்சனங்களைக் கட்டாயம் படியுங்கள். சாயம் போனது, படத்தில் ஒரு நிறம் நேரில் ஒரு நிறம் என்று வாங்கியவர்களே எழுதியிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் எடுத்த வீடியோவே அதற்குப் பதில்.

அடுத்தவர் தளத்துக்கு மாதம் இத்தனை பேர் வருகிறார்கள் என்று கட்டணக் கருவிகள் காட்டும் எண்கள் வெறும் மதிப்பீடு. அதை நம்பிப் பணம் போடாதீர்கள். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியில், உங்கள் சொந்த எண்களை வைத்து முடிவெடுங்கள். அடுத்தவர் படத்தை அனுமதியில்லாமல் எடுத்துப் போடுவது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். முகூர்த்த மாதம் பிறந்த பிறகு எழுதினாலும் பயனில்லை. ஆவணிக் கல்யாணத்துக்கான பக்கம் ஆனியிலேயே ஏறியிருக்க வேண்டும்.

நெசவாளர் சங்கங்களுக்குப் பயிற்சி நடத்துபவர்கள், கேமராவைக் கையில் கொடுப்பதற்கு முன் அரை நாளாவது இந்த இரண்டு பத்தி அட்டவணையை எழுத வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காஞ்சிபுரம்