கார்ன்வாலிஸ் கோட்டைப் பயணம்: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. இம்முறை பிள்ளைகள் படிப்பிலும் திடல்தடப் போட்டியிலும் நன்றாகவே செய்தார்கள். திருக்குறள் போட்டியும் சிறப்பாக நடந்தது. ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டைப் பயணம். வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டுப் பலர் துணைக்கு வந்தீர்கள். அந்த வெயிலில் 40 பிள்ளைகளை ஆசிரியர்கள் மட்டும் சமாளித்திருக்க முடியாது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோட்டையிலுள்ள ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறி, 1871-இல் ஆங்கிலேயர் வசம் வந்தது. அதன் முதுகில் சப்பாத்தோடு ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். ஆசிரியை இறங்கச் சொன்னதும், "பரவாயில்லை டீச்சர், ஒரே ஒரு படம்" என்றது ஒரு பெரியவரின் குரல்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவி, வீட்டுச் சாவியால் கோட்டைச் சுவரில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் கீறிவிட்டாள். சட்டைக் கையெல்லாம் செங்கல் தூள். 1786-இல், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட், நிபோங் பனைமரத் தண்டுகளை வேலியாக நட்டு அமைத்த கோட்டை அது. பின்னர் அதைச் செங்கல்லில் எழுப்பியபோது பாடுபட்டவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நம் பிள்ளைகளால் சொல்ல முடியாது. அந்தச் சுவரில் நம் பெயரைக் கீறலாமா?

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி எந்தக் கல்விப் பயணத்திலும் பீரங்கி மீதோ காட்சிப் பொருள் மீதோ பிள்ளைகள் ஏறக்கூடாது, பெரியவர்களும் ஏற்றிவிடக்கூடாது. அங்கே ஆசிரியர் சொல்வதுதான் முடிவு. இதற்கு உடன்படாதவர்கள் துணைக்கு வர வேண்டாம்.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துத் தாராளமாக எடுங்கள். மேலே உட்கார்ந்த படங்களை மட்டும் புலன (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். பார்க்கிற தம்பி தங்கைகளுக்கும் அதே ஆசை வரும்.

அந்த மாணவி மறுநாள் காலை அம்மாவோடு என் அறைக்கு வந்து, தானாகவே மன்னிப்பு கேட்டாள். அழைத்து வந்த அந்த அம்மாவுக்கும், அன்று கடைசிப் பிள்ளை பேருந்தில் ஏறும்வரை வெயிலில் நின்ற உங்கள் எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்