குவான் இம் கோயிலுக்குப் போய் வந்தேன்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போன வாரம் போனில் "கோயில் குளம்னு போறியா இல்லையா" என்று கேட்டாய். போகிறேன். ஆனால் இன்று போனது சீனக் கோயிலுக்கு. திட்டுவதற்கு முன் முழுசாகப் படித்துவிடு.

வாட்டர்லூ தெருவில் நம் கிருஷ்ணன் கோயில் இருக்கிறது, 1870-இல் தொடங்கியது. சில அடி தள்ளி, 1884-இல் வந்த குவான் இம் கோயில். குவான் இம் என்பது சீனர்கள் கும்பிடுகிற கருணைத் தெய்வம், நம்ம அம்மன் மாதிரி. அங்கே கும்பிட்ட கையோடு சீனர்கள் கிருஷ்ணன் வாசலுக்கும் வந்து, ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்திக் குனிகிறார்கள். செருகுவதற்கு வாசலிலேயே பெரிய கலம் வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கூட்டிப்போனது எங்கள் கேன்டீனில் சமைக்கிற சீன ஆன்ட்டி. குவான் இம்மைக் கும்பிடுவதால் மாட்டுக்கறி தொடமாட்டார். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். கணக்குப் பார்த்தால் நம்ம அமாவாசை, பௌர்ணமிதான்!

உள்ளே மணிச்சத்தம் இல்லை. எல்லோரும் மண்டியிட்டு மூங்கில் குவளையைக் குலுக்குகிறார்கள், சோழி உருட்டுகிற மாதிரி ஒரே கலகலப்பு. குவளை நிறைய எண் போட்ட குச்சிகள். மனதில் ஒன்றை நினைத்துக் குலுக்க, ஒரே ஒரு குச்சி விழவேண்டும். அப்புறம் பிறை வடிவ மரத்துண்டு இரண்டை உருட்ட வேண்டும். ஒன்றின் தட்டைப் பக்கம் மேலேயும் மற்றதன் தட்டைப் பக்கம் கீழேயும் இருக்க விழுந்தால் அம்மன் 'சரி' என்கிறாள். இல்லையென்றால் மறுபடி குலுக்கு.

"தமிழில் கேட்டால் புரியுமா?" என்றேன். "உலகத்தின் ஓலத்தைக் கேட்பவள் என்பதுதான் அவள் பேருக்கே அர்த்தம். நீ எதில் கேட்டால் என்ன?" என்றார் ஆன்ட்டி.

ஒரு கதையும் சொன்னார். மியாவ் ஷான் என்று ஓர் இளவரசி. கல்யாணம் வேண்டாம், துறவுதான் என்றதற்கு அப்பனே அவளைக் கொல்லச் சொன்னான். தப்பித்து மலைக்குப் போய்விட்டாள். பின்னால் அவனுக்குத் தீராத நோய். கோபமே இல்லாத ஒருவரின் கண்ணும் கையும்தான் மருந்து என்றார்களாம். யாரென்று சொல்லாமலே வெட்டிக் கொடுத்து அனுப்பினாள். அவள்தான் ஆயிரம் கை, ஆயிரம் கண்ணோடு குவான் இம் ஆனாளாம். எனக்குக் கண்ணப்பர் ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கொடுத்தது சாமிக்கு; இவள் கொடுத்தது கொல்லத் துணிந்தவனுக்கு.

இனி அப்பாவுக்கு. இந்தியாவிலிருந்து சீனா போன அவலோகிதேசுவரர் என்ற பௌத்த போதிசத்துவர்தான் குவான் இம். அங்கே போய்ப் பெண்ணானார். அவர் இருப்பிடம் பொதலகம், தெற்கே மலய மலைப் பக்கம் என்று 7-ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அது பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூலின் பாயிரத்தில் வருமே, அந்தப் பாட்டை அப்பா முழுசாக எழுதி அனுப்பட்டும். நம் மாடியில் துணி காயப்போடும்போது எதிரே தெரிகிற மலைதான் அம்மா அந்தப் பொதிகை! ஆன்ட்டியிடம் சொன்னேன், நம்பவில்லை. போட்டோ எடுத்து அனுப்பு.

நான் கேட்டது வீட்டுக் கடனைப் பற்றி. முதலில் இரண்டு குச்சி சேர்ந்து விழுந்தது, செல்லாது. அடுத்து இரண்டு முறை மரத்துண்டு 'இல்லை' என்றது. நாலாவது தடவைதான் 'சரி' வந்து, குச்சியின் எண்ணுக்கு உரிய பலன் சீட்டு கிடைத்தது. ஆன்ட்டி படித்துப் பார்த்து, "அவசரப்படாதே என்று போட்டிருக்கிறது" என்றார். வட்டிக்காரரிடம் இதைச் சொல்ல முடியுமா?

இந்த மாதம் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். தம்பி ஃபீஸை மட்டும் மாமாவிடம் வாங்கிக் கட்டிவிடு.

உன் மூத்தவன்