ஃபோர்மனின் பத்து ஆண்டுகளும் அலியின் இரண்டு ஆண்டுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் மேடையேறுவது பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் உலகப் பட்டத்தை மீட்ட கதையை எழுதியிருந்த விதம் நெஞ்சைத் தொட்டது. ஆனால் அந்த ஒரு வெற்றியைக் காட்டி, மன உறுதி இருந்தால் எவரும் எந்த வயதிலும் திரும்பி வரலாம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபோர்மனின் மன உறுதியைப் பற்றி எனக்கு ஐயம் இல்லை. பத்து ஆண்டுக் காலம் அவர் தலையில் ஓர் அடிகூட விழாமல் இருந்ததே அவரைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான கருத்து. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

1977 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் ஜிம்மி யங்கிடம் தோற்றபின் ஃபோர்மன் குத்துச்சண்டையை விட்டு விலகி, ஹூஸ்டனில் சமயப் போதகராகிவிட்டார். அதுவரை அவர் ஆடியிருந்த 47 சண்டைகளில் பெரும்பாலானவை சில சுற்றுகளுக்குள் எதிராளி விழுந்து முடிந்தவை. ஆகவே அவர் வாங்கிய அடியும் அவர் காலத்து மற்றவர்களோடு ஒப்பிட்டால் குறைவு. தாம் நடத்திவந்த இளைஞர் மையத்துக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி, 1987 மார்ச்சில் சாக்ரமென்டோவில் அவர் திரும்பியபோது வயது 38, எடை 267 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 121 கிலோ. பத்திரிகைகள் அவரது வயிற்றைப் பார்த்துச் சிரித்தன. அவர் அவசரப்படவில்லை. பெயர் தெரியாத எதிராளிகளில் தொடங்கி, வரிசையாக 24 சண்டைகளில் வென்ற பிறகுதான் 1991 ஏப்ரலில் அப்போதைய உலகச் சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டை எதிர்கொண்டார். அதில் பன்னிரண்டு சுற்றும் நின்று புள்ளிக் கணக்கில் தோற்றார். 1993-இல் டாமி மாரிசனிடமும் தோற்றார்.

தங்கள் கட்டுரை வருணித்த அந்த இரவு 1994 நவம்பர் 5. லாஸ் வேகாசில், இருபது ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலியிடம் பட்டத்தை இழந்தபோது அணிந்திருந்த அதே சிவப்புக் கால்சட்டையோடு ஃபோர்மன் ரிங்குக்குள் வந்தார். அன்று பயிற்சியாளராக அலியின் மூலையில் நின்ற ஆஞ்சலோ டண்டி இம்முறை ஃபோர்மனின் மூலையில் நின்றார். பட்டத்தை வைத்திருந்த 26 வயது மைக்கேல் மூரர் ஒன்பது சுற்றுகளாக அவரைக் குத்திக்கொண்டே இருந்தார். மூன்று நடுவர்களின் தாளிலும் மூரரே முன்னிலை. பத்தாம் சுற்றில் ஃபோர்மனின் வலக்கை, முழுவதும் வீசக்கூட இல்லை, நேராகக் குறுகிப் போய்த் தாடையில் இறங்கியது. மூரர் மல்லாந்தார். இருபது ஆண்டுத் தவிப்பு ஒரு குத்தில் தீர்ந்தது. அந்தப் பதிவைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கண் கலங்கும்.

இனி அலி. அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சிறு உரிமை உண்டு. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் ஒரு காட்சிப் போட்டி ஆடினார். அந்தக் கூட்டத்தில் பள்ளி மாணவனாக நானும் இருந்தேன். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றுப் பெருமைப்படுத்தியதை ஊரே பேசியது. அலி அப்போது ஓய்வு பெற்றவர். உடம்பு கனத்திருந்தது, காலாட்டம் மெதுவாகியிருந்தது. ஆனாலும் தலையைப் பின்னுக்குச் சாய்த்து எல்லிசின் கையுறையை ஒரு விரற்கடையில் தப்பவிட்டபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறுபடி உலகப் பட்டத்துக்காக மோதப் போகிறார் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நாங்கள் மகிழ்ந்துதான் இருப்போம். அந்த மகிழ்ச்சி எவ்வளவு அறியாமையானது என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஆண்டே எங்கள் பகுதியில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். ஒரு மாலை, பயிற்சி ஆட்டத்தில் நெற்றிப் பொட்டில் ஒரு குத்து வாங்கினேன். கீழே விழவில்லை, ஆடத் தயார் என்றுதான் சொன்னேன். எங்கள் வாத்தியார் கையுறையைக் கழற்றச் சொல்லி, "கண்ண மூடிக்கிட்டு ஆள்காட்டி விரலால மூக்கத் தொடுடா" என்றார். என் விரல் மூக்கின் ஓரமாக வழுக்கிக் கன்னத்தில் பட்டது. ஒரு மாதம் அவர் என்னை ரிங்கில் ஏற்றவில்லை. கயிறு தாண்டு, ஓடு, போ என்று விட்டுவிட்டார். அவர் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர்.

லாரி ஹோம்சுடன் மோதவிருந்த அந்த அக்டோபர் சண்டைக்கு முன், 1980 ஜூலையில், அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடும் சோதனையில் அவர் விரல் சிறிது குறி தவறியது, ஒற்றைக் காலில் குதிப்பதில் எதிர்பார்த்த சுறுசுறுப்பு இல்லை, பேச்சுக்கான தசைகளின் ஒத்திசைவில் குறை இருந்தது என்றெல்லாம் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் சண்டையிடத் தடையாக எதுவும் இல்லை என்றே அந்த அறிக்கை முடிந்தது. சண்டை நடக்கவிருந்த நெவாடா மாநிலத்தின் குத்துச்சண்டை ஆணையமும் உரிமம் கொடுத்தது. எடையை வேகமாகக் குறைக்க அவர் தைராய்டு மாத்திரைகளையும் விழுங்கியிருந்தார். அக்டோபர் 2 அன்று மேடையேறியவர் பார்வைக்கு இளைஞராக இருந்தார், உள்ளே வற்றிப்போயிருந்தார். லாரி ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணையாக இருந்தவர். நடுவர்கள் ஒரு சுற்றைக்கூட அலிக்குக் கொடுக்கவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் டண்டி போதும் என்று நிறுத்தினார்.

வயது 38. ஃபோர்மன் திரும்பி வந்தபோதும் அதே வயதுதான். ஃபோர்மனுக்குப் பத்து ஆண்டு இடைவெளி. அலிக்கோ இரண்டு ஆண்டு. இடைவெளி நீண்டால் ஆபத்து கூடும் என்றுதான் நாம் சாதாரணமாக நினைப்போம். நடந்தது நேர்மாறு. 1970-க்கும் 1978-க்கும் இடையில் ஃப்ரேசியருடன் மூன்று சண்டை, நார்ட்டனுடன் மூன்று சண்டை, 1977-இல் எர்னி ஷேவர்சுடன் பதினைந்து சுற்று என்று அலி வாங்கிய அடிகள் அவர் தலைக்குள் கணக்காக நின்றன. ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு அவருடைய மருத்துவரே அவரைவிட்டு விலகினார். அப்படியும் 1981 டிசம்பரில், பஹாமாவின் நாசோவில், சுற்று மணிக்குப் பதிலாக மாட்டுக் கழுத்து மணியை அடித்து நடத்திய ஒரு கூத்தில், டிரெவர் பெர்பிக்குடன் இன்னொரு பத்து சுற்று ஆட வைத்தார்கள். 1984-இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது. அந்நோய்க்கும் அடிகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. ஹோம்சுடனும் பெர்பிக்குடனும் ஆடிய அந்த இருபது சுற்றுகளும் அவருக்குத் தேவையற்றவை என்பதில் விவாதம் இருக்க முடியாது.

தங்கள் கட்டுரையில் ஜெர்ரி குவாரி என்ற பெயர் ஒரே ஒரு முறை வருகிறது: படையில் சேர மறுத்ததால் மூன்றரை ஆண்டுகள் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட அலி, 1970 அக்டோபரில் அட்லான்டாவில் திரும்பி வந்து மூன்றே சுற்றில் வென்ற எதிராளி என்று. உண்மையில் இந்தப் பொருளில் மிக விரிவாக எழுதப்பட வேண்டியவர் குவாரிதான். 1983-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஏற்பாடு செய்த பரிசோதனையில் அவர் மூளையில் பாதிப்பு தெரிந்தது. அதே ஆண்டு அவர் இரண்டு முறை மேடையேறினார். 1992-இல், 47 வயதில், அப்போது குத்துச்சண்டை ஆணையமே இல்லாதிருந்த கொலராடோ மாநிலத்துக்குப் போய், ஆறு சுற்று அடி வாங்கித் தோற்றார். கிடைத்த கூலி 1,050 டாலர். சில ஆண்டுகளில் தாமாக உடுத்தவும் உண்ணவும் இயலாதவராகி, குடும்பத்தார் பராமரிப்பில் இருந்து, 1999 ஜனவரியில் 53 வயதில் இறந்தார். நான் நேரு ஸ்டேடியத்தில் கைதட்டிப் பார்த்த ஜிம்மி எல்லிசும் குத்துகளால் வரும் மறதி நோயில்தான் 2014-இல் மறைந்தார். அவர் திரும்பி வரவே இல்லை. பழைய அடிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

திரும்பி வருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. முழங்கால் காயத்தால் 2005-இல் விலகிய விட்டாலி கிளிச்கோ, 2008 அக்டோபரில் பெர்லினில் சாமுவேல் பீட்டரை எட்டுச் சுற்றில் உட்கார வைத்துப் பட்டத்தை மீட்டார். டைசன் ஃப்யூரி இரண்டரை ஆண்டு மனச்சோர்விலும் பருமனிலும் மூழ்கிக் கிடந்து எழுந்து வந்தார். இவர்கள் இருவரும் பட்டத்தின் உச்சியில் நின்றபோது விலகியவர்கள். அடிபட்டுத் தேய்ந்து விலகியவர்கள் அல்லர். வரிக் கடனுக்காக 1950-இல் திரும்பிய ஜோ லூயிசின் நிலை வேறு; அடுத்த ஆண்டே மார்சியானோ அவரைக் கயிறுகளுக்கு வெளியே விழ வைத்தார்.

என்னைப் பெரிதும் வருத்துவது, ஒரு மாநிலம் கதவை மூடினால் அடுத்த மாநிலத்தின் கதவைத் தட்டும் வழக்கம். 2004-இல் நியூயார்க் ஆணையம் சண்டையிடாமல் நிறுத்தி வைத்த ஹோலிஃபீல்ட் 2006-இல் டல்லாசில் மேடையேறினார். 2021 செப்டம்பரில், 58 வயதில், கலிஃபோர்னியா அனுமதிக்க மாட்டாது என்று தெரிந்து ஃப்ளோரிடாவுக்கு மாற்றப்பட்ட போட்டியில் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார். ஒரு மாநிலம் மருத்துவக் காரணத்துக்காக இடைநீக்கம் செய்தவரை மற்ற மாநிலங்களும் ஏற்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஆட்டத்திறன் குறைந்துவிட்டது என்று நிறுத்தி வைப்பதும், உரிமம் தர மனமில்லாததும் மருத்துவ இடைநீக்கம் ஆகா; அந்தச் சந்துக்குள் புகுந்துதான் இவையெல்லாம் நடக்கின்றன. 2024-இல் 58 வயது மைக் டைசனை டெக்சாசில் இறக்கியபோது இரண்டு நிமிடச் சுற்று, பருத்த கையுறை என்று விதிகளைத் தளர்த்தினார்கள். அனுமதிக்கும்போதே அச்சம் இருந்ததற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய மறுவருகை ஒன்றைப் பற்றித் தங்கள் இதழ் எழுதும்போது, அவர் வயதோடும் எடையோடும், அதுவரை எத்தனை சுற்றுகள் ஆடியிருக்கிறார், எத்தனை முறை நிலைகுலைந்து விழுந்திருக்கிறார், எந்த ஆணையமாவது அவருக்கு உரிமம் மறுத்ததா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். ஃபோர்மனுக்குக் கொடுத்த அளவு இடத்தை ஜெர்ரி குவாரிக்கும் ஓர் இதழில் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.