சுழி போட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் நடந்த ஹிஸ்பானிக் பாரம்பரிய மாத (அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழி வந்தவர்களைப் போற்றும் மாதம்) விழாவுக்கான நன்றி மடல் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நூலக வாசல் பலகையில் ஏற்கெனவே ஒட்டியாயிற்று. தமிழ்ப் பள்ளிப் பெற்றோரும் பாட்டிமாரும் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதால் தமிழிலும் ஒன்று. "ஒத்துழைத்த அனைவருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் யார் எந்தப் பிழையைப் பிடித்தார்கள் என்று எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு வேலை செய்ய வருபவருக்கு உதவும்.

முதல் நன்றி, நிகழ்ச்சி நிரலில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துத் தந்த எல் சால்வடோர், குவாத்தமாலா தாய்மாருக்கு. இந்த மாதம் செப்டம்பர் 15-இல் தொடங்கி அக்டோபர் 15-இல் முடிகிறது. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹொண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் 1821-இல் விடுதலை அறிவித்த நாள் செப்டம்பர் 15. மறுநாள் மெக்சிகோவின் விடுதலை நாள், 18-ஆம் தேதி சிலியினுடையது. அதனால்தான் இது மாத நடுவில் தொடங்குகிறது. 1968-இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வாரமாக இருந்தது, 1988-இல்தான் மாதமானது. முதல் நிரலில் சர்க்கரை மண்டையோடும் இருந்தது, 'சிங்கோ தே மாயோ' தோரணமும் இருந்தது. மண்டையோடு நவம்பர் தொடக்கத்தில் வரும் நீத்தார் நாளுக்கு உரியது. சிங்கோ தே மாயோ என்பது 1862 மே 5-இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ வென்ற நாள். விடுதலை நாள் அல்ல. தீபாவளிக்கு வாசலில் கரும்பு கட்டியது போல் ஆகியிருக்கும். இரண்டையும் எடுத்தாயிற்று.

அடுத்து, சுவரொட்டி அச்சுக்குப் போகும் முன் 'என்' (n) எழுத்தின் தலையில் சுழி போட்டுக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. ஸ்பானிய மொழியில் சுழி உள்ள 'என்' (ñ) தனி எழுத்து. நம் 'ஞ' மாதிரி ஒலிக்கும். சுழியோடு 'ஆஞோ' என்றால் ஆண்டு. சுழி விழுந்து 'ஆனோ' ஆகிவிட்டால் ஆசனவாய். வண்ண எழுத்துரு பலவற்றில் அந்த எழுத்தே கிடையாது. கணினி சத்தமில்லாமல் வெறும் 'என்' போட்டுவிடும். வாக்கியத் தொடக்கத்தில் வரும் தலைகீழ்க் கேள்விக்குறி, வியப்புக்குறிக்கும் இதே கதிதான். எனவே எழுத்துருவைத் தேர்ந்த உடனே இந்த மூன்றையும் அடித்துப் பாருங்கள். முழுச் சுவரொட்டியையும் வடிவமைத்து முடித்துவிட்டுப் பார்த்தால் எழுத்துரு மாறும், வரிகள் நகரும், எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும்.

புத்தகக் காட்சியை அடுக்கிய மாணவர்களுக்கு இரட்டை நன்றி, ஏனென்றால் இரண்டு முறை அடுக்கினார்கள். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அச்சாகும் பல புத்தகங்களில் முதுகுத் தலைப்பு கீழிருந்து மேலாக ஓடும். ஆங்கிலப் புத்தகத்துக்குத் தலையை வலப்பக்கம் சாய்த்துப் படிப்போம். இவற்றுக்கு இடப்பக்கம் சாய்க்க வேண்டும். யாரோ நல்லெண்ணத்தில் "தலைகீழாக இருக்கிறதே" என்று ஒரு தட்டு முழுவதையும் திருப்பி நிறுத்திவிட்டார்கள். முதுகு எல்லாம் ஒரே திசையில் ஒழுங்காகத் தெரிந்தது. வெளியே எடுத்தால் அட்டை தலைகீழ். இரண்டு வகையையும் தனித்தனித் தட்டில் வைத்தால் இந்தத் தொல்லை வராது.

பெயர் வரிசையில் இன்னொரு குழி உண்டு. ஸ்பானியப் பெயரில் தந்தை வழிக் குடும்பப் பெயர் முதலில் வரும், தாய் வழி அடுத்து. எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸை 'கார்சியா'வில் தேட வேண்டும். மார்யோ வர்கஸ் யோசா 'வர்கஸ்'. கடைசிச் சொல்லைப் பிடித்து அடுக்கினால் புத்தகம் நூலகத்திலேயே இருக்கும், யார் கைக்கும் கிடைக்காது. நூலகங்கள் புத்தகங்களை வகைப்படுத்தும் டூயி எண்ணில் ஸ்பானிய இலக்கியம் 860. தமிழ் இலக்கியம் 894.811. இரண்டு அலமாரிக்கும் நடுவே நடக்கத் தூரம் அதிகமில்லை.

இனி தமால்: சோள மாவில் உள்ளீடு வைத்து, மடலில் மடித்து, ஆவியில் வேகவைக்கும் பண்டம். பானையோடு வந்த பாட்டிமாருக்கும், மாவு பதம் சொல்லித்தந்த மெக்சிகோ அக்காமாருக்கும் எவ்வளவு சொன்னாலும் தகும். ஒன்று என்றால் தமால், பல என்றால் தமாலெஸ். மெக்சிகோப் பழங்குடி மொழியான நாவாட்டிலின் 'தமல்லி' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒருவர் இந்தியக் கடையிலிருந்து நான்கு பை மக்காச்சோள ஆட்டா வாங்கி வந்திருந்தார். அது வேலைக்கு ஆகாது. தமாலுக்கு வேண்டியது 'மாசா அரீனா': சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோல் நீக்கி, அரைத்துக் காயவைத்த மாவு. சுண்ணாம்பு பட்டால்தான் சோளம் ஒட்டும். நம் ஆட்டாவைப் பிசைந்து பிடித்தால் ஈர மணல்போல் உதிர்ந்துவிடும்.

இரண்டு கப் மாசா அரீனாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, முக்கால் கப்பை எட்டாத கொழுப்பு, ஏறக்குறைய இரண்டு கப் வெதுவெதுப்பான சாறு. வழக்கமான கொழுப்பு பன்றியுடையது. சாறு கோழி அல்லது பன்றி வேகவைத்த நீர். சைவக்காரர்களுக்கும் முஸ்லிம் அன்பர்களுக்கும் தாவர நெய்யும் காய்கறிச் சாறும் சேர்த்துத் தனிப் பானையில் வெந்தது. உள்ளே வைப்பது வெறும் பீன்ஸ்தான் என்றாலும் மாவில் என்ன கொழுப்பு என்று கேட்காமல் சாப்பிடாதீர்கள். அந்தந்தப் பானைக்கு முன் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய சிறுமிக்கும் நன்றி.

கொழுப்பை முதலில் தனியாக நுரைக்க அடிக்க வேண்டும். அடித்து முடித்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் மிதக்க வேண்டும். உளுந்து மாவு பதம் பார்ப்பதும் இப்படித்தானே! பாட்டிமாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அமிழ்ந்தால் இன்னும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்தபின் கல்லாகும். உலர்ந்த சோள மடலைச் சுடுநீரில் அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைக்க வேண்டும். மேலே ஒரு தட்டைக் கவிழ்க்காவிட்டால் மிதந்து பாதி உலர்ந்தே இருக்கும், மடிக்கும்போது கிழியும். மடலின் வழவழப்பான பக்கத்தில்தான் மாவு தடவ வேண்டும். சொரசொரப்பான பக்கத்தில் தடவினால் உரிக்கும்போது மாவும் மடலோடு வந்துவிடும்.

இட்லித் தட்டுகளை எடுத்துவிட்டு, அடியில் துளைத் தட்டு வைத்து, மடித்த தமாலெஸைத் திறந்த வாய் மேலே பார்க்க நிறுத்தி, மேலே ஈரத் துணி மூடி, ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம். மூடியில் கோக்கும் நீர் உள்ளே சொட்டாமல் துணி தாங்கும். நெருக்கி அடைத்தால் நடுவில் ஆவி ஏறாது. தண்ணீரில் ஒரு காசு போட்டு வைத்தார்கள்: கடகடவென்று சத்தம் வரும்வரை நீர் இருக்கிறது, சத்தம் நின்றால் சுடுநீர் ஊற்ற வேண்டும். மடல் மாவில் ஒட்டாமல் உரிந்தால் வெந்தது. எடுத்த உடனே உரித்துப் பார்த்து "வேகவில்லை" என்று பதறாதீர்கள், பத்து நிமிடம் ஆறினால் இறுகும். குவாத்தமாலா அம்மா ஒருவர் மட்டும் வாழையிலையில் கட்டினார். இலையைத் தீயில் வாட்டிய விதத்தைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்து அவருக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. சமையல் உரிமம் உள்ள அடுக்களையைத் தந்த தேவாலயத்தாருக்கும், பரிமாறும்வரை சூடு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் வெப்பமானியோடு நின்ற இளைஞருக்கும் நன்றி.

காகிதத் தோரணம் வெட்டியவர்களுக்கு: எட்டுத் தாளுக்கு மேல் ஒன்றாக மடித்து வெட்டினால் உள்தாள் நழுவும். நீர்ப்பசை சாயத்தைக் கரைக்கும், பசைக்குச்சியே நல்லது. தீயணைப்பு நீர்த்தெளிப்பானுக்கு 18 அங்குலம் கீழே கட்டச் சொன்ன நூலகக் காவலருக்கும் நன்றி.

தம்போலா போன்ற மெக்சிகோவின் 'லோட்டெரியா' ஆட்டத்தில் 54 சீட்டு, பலகைக்கு 16 படம். நகலெடுத்தவர் ஒரே பலகையை முப்பது படி எடுத்துவிட்டார். ஆடியிருந்தால் முப்பது பேரும் ஒரே நொடியில் ஜெயித்திருப்பார்கள். இரவோடிரவாக வேறு வேறு பலகைகள் செய்து கொடுத்தவருக்கு நன்றி. அடையாளம் வைக்கப் பீன்ஸ் விதை மரபு. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவை மூக்கில் போட்டுக்கொள்ளும் என்பதால் பாட்டில் மூடி தந்தோம். பழைய சீட்டுகளில் 'கறுப்பன்', 'அப்பாச்சி' (அமெரிக்கப் பழங்குடியினர்) போன்ற படங்கள் இன்று பலருக்கு உறுத்தும். அவற்றுக்கு மாற்றுப் படம் வரைந்தவரும் நம் உயர்நிலைப் பள்ளிப் பெண்தான்.

கதை நேரத்தில் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம் என்று தடுத்த குழந்தை நூலகருக்குக் கடைசி நன்றி. மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்தால் குழந்தை ஸ்பானிய வரியைக் கேட்காது. கதை ஸ்பானிய மொழியிலேயே போகட்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை மட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும் என்றார். அப்படியே நடந்தது. நியூயார்க் பொது நூலகத்தில் 1921-இல் சேர்ந்த புவேர்ட்டோ ரிக்கோப் பெண் புரா பெல்ப்ரே, ஹார்லெம் கிளையில் பொம்மைகளை வைத்து ஸ்பானிய மொழியிலும் கதை சொன்னவர். அவர் பெயரில் 1996 முதல் சிறுவர் நூல்களுக்கு விருது தருகிறார்கள். அவர் படத்தைத்தான் கதை மூலையில் மாட்டியிருந்தது, கேட்டவர்களுக்காகச் சொல்கிறோம்.

இரண்டு இட்லிப் பானையும் ஒரு பித்தளை மூடியும் நூலக அடுக்களையில் இருக்கின்றன. மூடி எந்தப் பானைக்கும் பொருந்தவில்லை. உரியவர்கள் சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். மக்காச்சோள ஆட்டா நான்கு பையும் பிரிக்காமல் அப்படியே உள்ளது; ரொட்டி சுடுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
விழாத் தன்னார்வலர் குழு