கடைசி பெஞ்சுக்கு வராத காணிக்கைப் பை

கர்த்தருக்குள் அன்பான திருப்பூர்ச் சபைகளின் ஆயர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனையில் கண்ட ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைசி பெஞ்சில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜார்க்கண்டின் சிம்டேகா பக்கத்துக்காரர்கள், பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள். வரிசையாக வந்த காணிக்கைப் பை அவர்களுக்கு முந்தைய பெஞ்சோடு திரும்பிவிட்டது. கொண்டுவந்தவர் கெட்டவர் இல்லை. பாவம், இந்தப் பிள்ளைகளிடம் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். ஆனால் நடுவில் இருந்த பெண்ணின் உள்ளங்கையில் நான்காக மடித்த 20 ரூபாய் நோட்டு இருந்தது. ஆசீர்வாதம் கூறி முடிக்கும் வரை அவள் அதை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள்.

வெளி மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சு வரும்போதெல்லாம் கம்பளி, பிரியாணிப் பொட்டலம், இந்தித் துண்டறிக்கை, கடைசியில் ஒரு புகைப்படம் என்றே முடிகிறது. கொடுக்கப் பழகியிருக்கிறோம். அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் பழகவில்லை.

அந்தப் பெண்களிடம் பிறகு பேசினேன். மூவரும் கோஸ்னர் லுத்தரன் சபைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஜெர்மனியிலிருந்து வந்த கோஸ்னர் மிஷனெரிகள் 1845-இல் ராஞ்சியில் தொடங்கிய ஊழியம் அது. 1919-இல் அந்தச் சபை தன்னாட்சி பெற்றது. தரங்கம்பாடி வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்ததும் அதே 1919-இல்தான். தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற வீட்டுப் பிள்ளைகளிடம் நம்மவர் போய் 'இயேசுவைத் தெரியுமா' என்று கேட்டால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்!

மொழி தெரியாதே என்கிறோம். எங்கள் யூனிட்டில் செக்கிங் மேஜையில் நிற்கும் தம்பி ஒருநாள் தாடையைப் பிடித்துக்கொண்டு "பல்" என்றான். அதற்குள் தமிழ் கற்றுவிட்டானே என்று மகிழ்ந்தேன். இல்லை, அது அவன் தாய்மொழியான குடுக். அந்த மொழியில் 'நீ' என்பதற்கு 'நீன்' என்கிறார்கள். ராஞ்சிக் காட்டுக்குள் பேசப்படும் அது தமிழின் உறவு மொழி, திராவிட மொழி. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்கு அந்த உறவுகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். நாம் பத்து வார்த்தை கற்கக் கூடாதா?

என் அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர். வந்த வாரமே சபை மூப்பர் ஒருவர் வாடகைக்கு அறை பார்த்துக் கொடுத்தார். அடுத்த மாதமே பாடகர் குழுவில் நிற்க வைத்தார்கள். அறையைவிடப் பாட வைத்ததைத்தான் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்று நம் பெஞ்சுகளில் முன்வரிசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள்தான்.

எருசலேம் சபையிலும் இந்தச் சிக்கல் வந்தது. கிரேக்கம் பேசிய யூத விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், அதைச் சரிசெய்யத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். நம் நிர்வாகக் குழுவில் குடுக் பேசும் ஒருவர் உண்டா? சாத்ரி, ஒடியா பேசும் ஒருவர்?

ஞாயிறு காலை ஆராதனைக்கு அவர்கள் வருவதில்லை என்ற குறையும் காதில் விழுகிறது. சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு காலையில்தான் துணி துவைக்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். ஏற்றுமதி அவசரம் என்றால் அரை நாள் வேலையும் உண்டு. மாலையில் லைன் வீட்டு அறையில் பன்னிரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்து, வீட்டுக்காரர் சத்தம் போடுவாரோ என்று பயந்து, செல்போனைப் பார்த்து மெல்லிய குரலில் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி நம் ஆலயக் கூடம் பூட்டிக் கிடக்கிறது.

ஞாயிறு மாலை 4 மணிக்கு அந்தக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். அவர்கள் மொழியில், அவர்களே நடத்தட்டும். தங்கள் ஊரில் அடிக்கும் 'மாந்தர்' என்ற மேளம் வேண்டுமென்றால் அடிக்கட்டும். அவர்களுடைய சொந்த ஊர்ச் சபையின் கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்காமல் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள், சந்தாவும் வாங்குங்கள். சந்தா கட்டியவருக்குத்தான் நம் கல்லறைத் தோட்டத்தில் இடம், ஓட்டு, கேள்வி கேட்கும் உரிமை எல்லாம்.

தன்பாத்–ஆலப்புழை ரயிலில் வந்து இறங்குகிறவர்களில் சர்னா என்னும் பழங்குடி வழிபாட்டினர், இந்துக்கள், முஸ்லிம்கள் என எல்லோரும் உண்டு. அவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் அதே கூடத்தில் பஸ் பலகையும் சம்பளச் சீட்டும் வாசிக்கத் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம். அங்கே துண்டறிக்கை வேண்டாம், ஜெபத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்தலும் வேண்டாம்.

முதல் மூன்று மாதம் கூடத்தைத் திறந்து மூடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதன் பிறகு சாவி அவர்களில் ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர்ச் சபை ஒன்றின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்