பிட் மெனுவின் வரிசையில் கை வைக்காதீர்கள்: சிமுலேட்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கார் பந்தய சிமுலேட்டரின் போன அப்டேட்டில் பிட் மெனுவின் வரிசையை மாற்றிவிட்டீர்கள். பிட்டில் நிற்கும்போது எவ்வளவு எரிபொருள், எந்த டயர் என்று ஓட்டும்போதே தேர்ந்தெடுக்கும் பட்டியல் அது. எரிபொருள் இருந்த இடத்தில் இப்போது டயர் அழுத்தம். மெனுவை மூடித் திறந்தால் கர்சர் மறுபடி முதல் வரிக்கே போய்விடுகிறது. புகார்கள் உங்களிடம் குவிந்திருக்கும். அதையெல்லாம் திரும்பச் சொல்லவில்லை.

பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓட்டிய பந்தயத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பாதியில் மழை பிடித்தது. மழை டயருக்கு மாற வேண்டும், எரிபொருள் அளவையும் திருத்த வேண்டும். அதற்குத் தோதான இடம் ஓ ரூஜ் ஏற்றம் முடிந்து வரும் கெம்மல் நேர்பாதைதான். ஜிடி3 வகைப் பந்தயக் கார் அங்கே மணிக்கு 250 கி.மீ. வரை போகும், நொடிக்குக் கிட்டத்தட்ட 70 மீட்டர். முன்பெல்லாம் எத்தனை தட்டு தட்ட வேண்டும் என்று விரலுக்கே தெரியும், கண் பாதையை விட்டு நகராது. இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது. டயர் வரி வருவதற்குள் லே கோம்ப் வளைவுக்கு பிரேக் பிடிக்கும் இடம் வந்துவிட்டது. மெனுவை அப்படியே விட்டுவிட்டு, நனைந்த தடத்தில் வழுவழுப்பான டயரோடு இன்னொரு 7 கிலோமீட்டர் தவழ்ந்தேன். பந்தயம் அங்கேயே போயிற்று.

உங்கள் உதவிக் குழுவின் பதில்: "பழகிக்கொள்ளுங்கள்." பழகித்தானே இருந்தோம்? 2021-ல் பாகுவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், மறுதொடக்கத்தின்போது ஹாமில்டனின் கை தவறுதலாக பிரேக் சமநிலையை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசை பிரியும் அளவை) மாற்றும் சுவிட்சில் பட்டது. முதல் வளைவில் கார் திரும்பாமல் நேராகப் போனது. அதற்குள் ஏழு முறை உலக சாம்பியன் ஆனவர் அவர். அவருக்கே அந்தக் கதி என்றால், பட்டன் எங்கே இருக்கிறது, எது எந்த வரியில் வருகிறது என்பதைச் சின்ன விஷயம் என்று எப்படித் தள்ள முடிகிறது?

புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான்: பதறாதே, நேர்பாதையில் மட்டும் தொடு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அந்த நிதானம் வர மாதக்கணக்கில் ஆகிறது. நீங்கள் ஒரே அப்டேட்டில் அதைக் கலைத்துவிடுகிறீர்கள். புதுக் கார், புதுத் தடம் என்று விலைக்கு விடுவதற்கு மட்டும் ஒருநாளும் தாமதம் ஆனதில்லை. நாங்களும் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம்.

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். மெனு வரிசையை நாங்களே அடுக்கிக்கொள்ள விடுங்கள். எரிபொருளுக்கும் டயருக்கும் ஸ்டீயரிங்கில் நேரடிப் பட்டன் ஒதுக்க வழி செய்யுங்கள். இரண்டுக்கும் நாளாகும் என்றால், அடுத்த அப்டேட்டில் கர்சராவது விட்ட இடத்திலேயே நிற்கட்டும். தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிமுலேட்டரில் பந்தயம் ஓட்டும் ஒருவன்