முதல் கப்பல் பயணம்: கரை, உணவு, உடை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் புறப்பட்டு, மலேசியாவின் பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட்டையும் தொட்டுவிட்டு, மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு எங்களிடம் முன்பதிவு செய்திருப்பவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகக் கப்பல் ஏறப் போகிறவர்கள். டிக்கெட் உறுதியானவுடன் எங்கள் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் உடையைப் பற்றிய கேள்விதான் முதலில் வருகிறது, அடுத்தது சாப்பாடு, கரையில் இறங்கி என்ன செய்வது என்ற கேள்வி, வந்தால் கடைசியில் வருகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறோம். கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி வரை நிற்கும் என்பதைப் பொறுத்தே அன்றைய இரவு உணவை எங்கே, எப்போது உண்பது என்பது அமையும். எந்த உணவுக்கூடத்தில் உட்காரப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பெட்டியில் எந்த உடை ஏற வேண்டும் என்பது அமையும். எனவே கரையிலிருந்தே தொடங்குகிறோம்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேரடியாக அணைந்து நிற்கும். துறைமுக வாசலை விட்டு வெளியே வந்த சில நிமிட நடையில், விக்டோரியா அரசியாரின் ஆட்சி அறுபது ஆண்டு நிறைவுற்றதன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் 60 அடி உயரத்தில் எழுப்பப்பட்ட மணிக்கூண்டும் அதன் அருகே கார்ன்வாலிஸ் கோட்டையும் வந்துவிடும். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பழைய நகரத்தின் முக்கியமான தெருக்கள் எல்லாம் காலாற நடந்து பார்க்கும் தொலைவிலேயே இருப்பதால், பினாங்குக்குக் கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. (அந்த விற்பனையில் எங்களுக்கும் ஒரு சிறு கமிஷன் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) குவீன் தெருவில் 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில், அதைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவின் துணிக்கடைகள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய மூன்றையும் அரை நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம், தமிழில் பேசியே வழி கேட்கவும் விலை கேட்கவும் முடியும். கோயிலுக்குள் செல்ல விரும்புவோர் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, காலையிலோ மாலையிலோ போகுமாறு திட்டமிடுங்கள்.

ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி பௌத்தக் கோயிலுக்கும், கயிறு இழுக்கும் ரயிலில் ஏறிச் செல்லும் பினாங்கு மலைக்கும் வாகனம் தேவை. கைப்பேசியில் கிராப் செயலியை இந்தியாவிலேயே நிறுவிக்கொண்டால் வாடகைக் கார் எளிதில் கிடைக்கும். சில பயணங்களில் கப்பல் பிற்பகலில்தான் பினாங்கை அடைகிறது. அப்படி இருந்தால் மலை, கோயில் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மலை ரயிலுக்கான வரிசை விடுமுறை நாட்களில் மிக நீளமாக இருக்கும்.

புக்கெட்டின் கதை வேறு. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பத்தோங் விரிகுடாவில் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைச் சிறு டெண்டர் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவைத் திறந்து ஒரு மேடையை நீட்டியிருப்பார்கள். அதில் நீங்கள் நிற்க, எதிரே படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பணியாளர்கள் உங்கள் இரு முன்கைகளையும் பிடித்து, படகு மேலே வரும் நொடியில் கால் எடுத்து வைக்கச் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து ஓரிரு அடிகூட வைக்க இயலாதவர்களைப் படகில் ஏற்றுவது கடினம் என்பதால், அவர்கள் அன்று கப்பலிலேயே தங்க நேரிடலாம். மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் புக்கெட்டின் மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அலை மிகுந்தால் கேப்டன் கரையிறக்கத்தையே ரத்து செய்துவிடுவார், அதற்கு மேல் முறையீடு கிடையாது.

இந்தக் காரணங்களால், புக்கெட்டில் தொலைவான இடத்துக்குப் போக எண்ணுபவர்கள் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே எடுத்துக்கொள்வது உத்தமம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் பெயர்போன பாங் நா விரிகுடாவுக்குப் பத்தோங்கிலிருந்து மலைச்சாலை ஏறி இறங்கி, தீவின் மறுபக்கம் போய், அங்கே மீண்டும் படகு ஏற வேண்டும். போக வர நாள் முழுவதும் ஆகும். கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களுக்கு முதல் டெண்டர் படகுகளில் இடம் கொடுப்பார்கள். திரும்பி வரும் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். கரையிறக்கம் ரத்தானால் பணமும் திரும்பக் கிடைத்துவிடும். தனியாக வெளியே ஏற்பாடு செய்துகொண்டு போனவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. பத்தோங் கடற்கரையிலேயே பொழுதைக் கழிக்கப் போகிறவர்களுக்கோ, சலோங் புத்தர் கோயில் வரை போய் வர நினைப்பவர்களுக்கோ சுற்றுலாச் சீட்டு அவசியமில்லை. கையில் நேரத்தை மட்டும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் என்றதும் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே கடிகாரம். தாய்லாந்து அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் கைப்பேசி கரையிலுள்ள கோபுரத்தைத் தொட்டவுடன் தானாகவே மாறிக்கொள்ளும். பிற்பகல் 4.30க்குள் திரும்ப வேண்டும் என்று அறிவித்திருக்க, கைப்பேசியில் 4 மணி என்று பார்த்து நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கப்பலின் கடிகாரத்தில் 5 ஆகியிருக்கக்கூடும். எனவே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கப்பலிலிருந்து இறங்கும்போது வாசலில் எழுதிப் போட்டிருக்கும் கப்பல் நேரத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உணவு. நீங்கள் செலுத்திய கட்டணத்திலேயே பிரதான உணவுக்கூடமும் பஃபே கூடமும் அடங்கும். தனிச் சிறப்பு உணவகங்களுக்கு மட்டும் கூடுதல் பணம். இரவு உணவுக்குப் பிரதான கூடத்தில் தினமும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் அமரும் முறை ஒன்று, விரும்பிய நேரத்தில் வந்து அமரும் முறை மற்றொன்று. குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பங்களுக்கு முதல் பந்தியாகிய மாலை 6 மணியை ஒட்டிய நேரத்தையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஒரே பரிமாறுநர் நான்கு இரவும் வருவதால், முதல் இரவில் ஒருமுறை உங்கள் உணவுப் பழக்கத்தை விளக்கிவிட்டால் போதும். பினாங்கில் கப்பல் இரவு வரை நிற்குமானால், அன்று ஒரு நாள் பந்தியை விட்டுவிட்டு லிட்டில் இந்தியாவிலேயே சாப்பிட்டு வரலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சைவ உணவைப் பொறுத்தவரை, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் சப்பாத்தி, பருப்பு, காய்கறிக் குழம்பு, சோறு ஆகியவை கிடைக்கும். ஆனால் பிரதான கூடத்தில் உங்கள் கையில் தரப்படும் அட்டையில் அவை எப்போதும் அச்சாகியிருப்பதில்லை. தலைமைப் பரிமாறுநரை அழைத்து, நாளைய இரவுக்கு இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும். அட்டையில் காய்கறி என்று எழுதியிருந்தாலும் சூப்பில் இறைச்சிச் சாறும், இனிப்பு வகைகளில் ஜெலட்டினும் முட்டையும் இருக்கலாம் என்பதால் கேட்டுச் சாப்பிடுங்கள். ஜைன உணவு, வெங்காயம் பூண்டு இல்லாத உணவு, வேர்க்கடலை ஒவ்வாமை போன்றவற்றைக் கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் பலன் குறைவு; பல வாரங்களுக்கு முன்பே முன்பதிவில் ஏற்றியாக வேண்டும், அதை நாங்கள் செய்து தருகிறோம். ஹலால் உணவு கப்பலுக்குக் கப்பல் வேறுபடும் என்பதால், தேவைப்படுவோர் பணம் செலுத்துவதற்கு முன்பே எங்களிடம் கேட்டுவிடுங்கள்.

பிரதான கூடத்தில் ஒரு வேளை உணவு முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வகையாக இடைவெளி விட்டுத்தான் பரிமாறுவார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லி, எப்போது எடுப்பது என்று கேட்டு வருவது நல்லது. குழந்தைகளுக்கு உரியதை எல்லாம் முதலிலேயே கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருவார்கள்.

வீட்டிலிருந்து கட்டிய புளியோதரையும் தூக்குச் சட்டியும் கப்பல் வாசலைத் தாண்டாது. சமைத்த உணவுக்கு அனுமதியில்லை. கடையில் வாங்கிய, பிரிக்கப்படாத முறுக்கு, பிஸ்கட், பருப்புப் பொடிப் பொட்டலங்கள் பொதுவாக அனுமதிக்கப்படும். மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, ஊதுவத்தி, மெழுகுவத்தி ஆகியவற்றைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். மதுபானப் பேக்கேஜை ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. குடிக்காத குடும்பத்துக்கு அது வீண் செலவு. பஃபே கூடத்தில் தண்ணீர், தேநீர், சாதாரணக் காபி இலவசம். இவை தவிர, பணியாளர் சன்மானமாக ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18 அமெரிக்க டாலர் உங்கள் கணக்கில் ஏறும். குழந்தைகளுக்கும் உண்டு என்பதால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு நான்கு இரவுக்கும் சேர்த்து 288 டாலர் ஆகும். இதைப் பயணச் செலவில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடை பற்றிச் சொல்வதற்கு இருப்பது நீங்கள் எண்ணுவதைவிடக் குறைவு. நான்கு இரவுப் பயணத்தில் பொதுவாக ஒரே ஓர் இரவுதான் விழா உடைக்கு உரியது. அதற்காக யாரும் கோட்டு சூட்டு தைக்க வேண்டாம். பெண்களுக்குப் பட்டுப் புடவை தாராளமாகப் பொருந்தும். ஆண்கள் முழுக்கைச் சட்டையும் நல்ல பேன்ட்டும் ஒரு கோட்டும் அணிந்தால் போதும், ஷெர்வானி போன்ற நம் நாட்டு விழா உடைகளும் மரியாதையுடன் ஏற்கப்படுகின்றன. அதுவும் வேண்டாம் என்பவர்கள் அன்றிரவு பஃபே கூடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம். மற்ற இரவுகளில் நாம் ஒரு நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு அணியும் அளவு உடை போதும். பிரதான கூடத்தில் நீச்சலுடை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு ஆகியவற்றோடு வருபவர்களை உள்ளே விட மாட்டார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லை என்பதால், கசங்கினால் உதவாத பருத்திப் புடவைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டெண்டர் படகில் ஏறும் நாளில் புடவைக் கொசுவம் காலைத் தடுக்கும். சல்வாரும், பின்வாருள்ள செருப்பும் பாதுகாப்பானவை. தாய்லாந்துக் கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் பருத்தி உடையோடு இறங்க அனுமதி இல்லாததால், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் முறையான நீச்சலுடை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகக் கூடத்திலும் உணவுக்கூடத்திலும் ஏசி கடுமையாக இருக்கும் என்பதால் ஆளுக்கு ஒரு சால்வை அவசியம்.

பெரிய பெட்டிகளை மரினா பே குரூஸ் சென்டரின் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் கதவுக்கு வந்து சேர மாலையோ இரவோ ஆகிவிடும். ஆகவே பாஸ்போர்ட், மருந்துகள், குழந்தைக்கு மாற்றுடை, முதல் இரவு உணவுக்கான உடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். கடைசி இரவில் பெட்டிகளைக் கட்டி கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் இறங்கும்போது அணிய வேண்டிய உடையையும் சேர்த்துக் கட்டி வெளியே வைத்துவிட்டு, விடிந்ததும் நைட்டியோடும் லுங்கியோடும் விழிப்பவர்கள் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு.

இம்மடலுடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். இரவு உணவுக்கு எந்தப் பந்தி, எவ்வகை உணவு, ஒவ்வாமை ஏதேனும் உண்டா, புக்கெட்டில் சுற்றுலா வேண்டுமா, படகில் ஏற உதவி தேவைப்படுவோர் யார் ஆகிய ஐந்தையும் நிரப்பி, கடைசித் தவணை செலுத்த வரும்போது பாஸ்போர்ட் நகலுடன் தந்துவிடுங்கள். சுற்றுலாச் சீட்டைப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன்வரை ரத்து செய்ய முடியும் என்பதால், முடிவு உறுதியாகாவிட்டாலும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். விசா, வருகைப் பதிவு அட்டை பற்றிய விவரங்களைத் தனி மடலில் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கப்பல் பயணப் பிரிவு,
திருச்சிராப்பள்ளி